முதல் ரவுண்டு

அந்த வீடியோவ அணைங்க தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. சத்தத்துக்காகச் சொல்லல, சத்தம் பஸ்ல எப்பவும் இருக்கத்தான் செய்யும். நீங்க பாக்கது ஃபுட்பாலு. போன்ல ஒருத்தன் கோல் அடிக்கதப் பாத்தாலே எனக்கு இப்ப ஓங்கரிச்சுக்கிட்டு வருது. நெசமாத்தான் சொல்லுதேன். நாப்பது செகண்டு வீடியோ, தம்பி. ஒரே ஒரு நாப்பது செகண்டு வீடியோ. அதுல என் சீசனே நாசமாப் போச்சு.

நாகர்கோவில் வரைக்குமா? நானும் அங்கதான். அப்ப நேரம் கெடக்கு.

எம்பேரு லொயோலா மச்சாது. தூத்துக்குடி. ஐஸ் கம்பெனில இருபத்தெட்டு வருசம் சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். கலங்கரை ஃபுட்பால் கிளப்புக்கு மேனேஜர். இருந்தேன். மேனேஜரா இருந்தேன்னு சொல்லணும் இப்ப. அதுக்கு வாரேன்.

எங்க பக்கம் மீன்பிடித் தடைக்காலம் உண்டும்லா, ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் நடு வரைக்கும்? விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது. பயலுவ எல்லாம் கரையில சும்மா கெடப்பானுவ. அந்த ரெண்டு மாசத்துலதான் எங்க லீக். ஆறு டீம். சனியும் ஞாயிறும் சாயங்காலம் மேட்ச். முன்னால எல்லாம் தெருவுக்கு ஒரு டீம், அவனவன் தெருவுக்கு ஆடுவான். அப்புறம் எவனோ ஒரு மேதாவி, டிராஃப்ட் வைப்போம்னு கொண்டு வந்தான். ஏலம்னு நெனைக்காதீங்க, இதுல துட்டுப் பேச்சே கெடையாது. சின்னப்புள்ளையில ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு, ‘எனக்கு அவன், உனக்கு இவன்’னு ஆள் பிரிப்போம்லா, அதேதான். அதுக்கு டிராஃப்டுன்னு பேரு வச்சு, மண்டபம் புடிச்சு, மைக் கட்டி நடத்துதாங்க. ஆட்டக்காரனுவ பேரு எல்லாம் ஒரு பெரிய போர்டுல இருக்கும். மேனேஜர் ஆறு பேரும் வரிசையா ஆளுக்கு ஒருத்தனக் கூப்பிடணும். பதினாலு ரவுண்டு. போன வருசம் ஆடுனவன்ல ரெண்டு பேர மட்டும் டீமுலயே வச்சிக்கிடலாம், மத்தவன் எல்லாம் போர்டுக்குப் போயிரணும்.

இதுல ஒரு விசயம் இருக்கு. போன வருசம் கடைசியா வந்த டீமுக்குத்தான் முதல் ஆள எடுக்குத உரிமை. தோத்தவன் மேல வரட்டும்னு ஒரு நல்ல எண்ணம். போன வருசம் கடைசியா வந்தது நாங்கதான். பத்து மேட்ச்ல பத்தொம்பது கோல் வாங்கியிருந்தோம்.

கோச் ஹென்றி, அவன் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு, டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்கு வந்துட்டான். “அண்ணே, பின்னால ஆள் வேணும்ணே. பத்தொம்பது கோலு. மொத ஆளா ஒரு நல்ல டிஃபன்ஸ எடுத்துருங்க”ன்னான். சரிதான்னு தலையாட்டினேன். அன்னைக்கு சாயங்காலம் எனக்கு அந்த நாப்பது செகண்டு வீடியோ வந்துச்சு.

ஜெஃப்ரின்னு ஒரு பய. இருபத்தோரு வயசு. தலைமுடிக்கு மீன் வறுத்த நெறத்துல சாயம். மைதானத்து நடுக்கோட்டுல நின்னு அடிக்கான் தம்பி, பந்து அப்பிடியே போயி வலைக்குள்ள எறங்குது. பின்னால பாட்டு வேற. நான் அத எம்பது தடவ பாத்தேன். எங்க வீட்டுல மெற்றில்டா, “இந்தப் பாட்டு கனவுலயும் கேக்கு, நிப்பாட்டுங்க”ன்னு சத்தம் போட்டா. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அதுல ஒண்ணக் கவனிச்சேன். அந்த எதிர் டீம் கோலி குனிஞ்சு ஷூ லேசு கட்டிக்கிட்டு இருக்கான்! கோலே காலியாத்தான் கெடக்கு! எம்பது தடவ பாத்த எனக்குத் தெரியல. இப்பிடி எடுத்துப் போடுதானுவளே, அவனுவளச் சொல்லணும். சீ.

இப்ப மாப்பிள்ள விசயத்துக்கு வாரேன்.

எனக்கு ஒரே மவ, பெர்னதெத். அவ மாப்பிள்ள டெரன்ஸ் கொரேரா. விசைப்படகுல டிரைவர். முப்பது வயசு. நல்ல மனுசன், குடி கெடையாது, அதெல்லாம் குத்தஞ்சொல்ல முடியாது. எங்க டீமுல ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு முன்னால நிக்க ஆளு. ஆனா அவரு ஆட்டத்துல பாக்கதுக்கு ஒண்ணும் இருக்காது தம்பி. துள்ள மாட்டாரு, சறுக்கி விழ மாட்டாரு, கத்த மாட்டாரு. ஒரு எடத்துல போயி நிப்பாரு. பந்து தானா அவரு நிக்க எடத்துக்கு வரும். எடுத்து வெளிய தள்ளிருவாரு. பந்து தானா வந்தா யாருதான் தள்ள மாட்டான்? அதுல என்ன தெறம இருக்கு?

அதனால வச்சிக்கிடுத ரெண்டு பேருல நான் அவரச் சேக்கல. போர்டுக்கு அனுப்பிட்டேன். அதுவும் எதுக்கு? ஊர் பேசும்லா! மேனேஜர் மாப்பிள்ளைன்னு வச்சிருக்காம்பாங்க. எனக்கு இந்தச் சொந்தக்கார டீம்னாலே அருவருப்பு. நான் வச்சது கோலி லாம்பர்ட்டையும் கேப்டனையும். கேப்டன் என் தங்கச்சி மவன்தான். அது வேற. அவன தெறமைக்காக வச்சேன்.

டிராஃப்ட் அன்னைக்குக் காலையில பெர்னதெத் வந்து நிக்கா.

“அப்பா, அவர எடுத்துருவீங்கள்ல?”

“பாப்போம்.”

“என்ன பாப்போம்? மூணாவது நாலாவது ரவுண்டுலயாவது எடுங்க. எல்லாரும் முன்னால உக்காந்திருப்பாங்கப்பா.”

“டீமுக்கு எது தேவையோ அதத்தான் செய்வேன். இது குடும்ப விசேசம் கெடையாது.”

அவ போயிட்டா. எப்பவும் அப்பிடித்தான், வாய மூடிக்கிட்டுப் போவா, அப்புறம் மாசக்கணக்கா மூடியே வச்சிருப்பா.

மண்டபத்துல ஆட்டக்காரனுவ எல்லாம் பிளாஸ்டிக் சேர்ல வரிசையா. பேரு கூப்பிட்டதும் எந்திரிச்சு மேடைக்கு வந்து ஜெர்சி வாங்கணும். நான் மைக்கப் புடிச்சு, “முதல் ஆள், ஜெஃப்ரின்”னேன். ஹென்றி என் பக்கத்துல இருந்து நெத்தியத் தடவுனான். பய வந்தான், தலையச் சிலுப்பிக்கிட்டு. கைதட்டு.

அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு ரவுண்டுலயும் மாப்பிள்ள மொகத்தப் பாப்பேன். சாதாரணமா உக்காந்திருக்காரு. ஒருத்தன உயரத்துக்காக எடுத்தேன். ஒருத்தன் ஃப்ரீ கிக் நல்லா அடிப்பாம்னு சொன்னாங்க, எடுத்தேன். ஒருத்தன் ஷூ பாக்க நல்லா இருந்துச்சு, இவன் வெவரமானவனா இருப்பாம்னு எடுத்தேன். ஆறாவது ரவுண்டுக்கு மேல மத்த மேனேஜருங்க என்னையப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. மாமனார் எடுப்பாரு, நாம எதுக்கு எடுத்துச் சங்கடம் பண்ணணும்னு அவங்க விட்டுக்கிட்டே வாராங்க. எனக்கு அது புரியல. ஒருத்தனும் எடுக்கல பாருங்க, நான் நெனச்சது சரிதான்னு நெனச்சிக்கிட்டேன்.

பதினாலாவது ரவுண்டு. சேர்ல ஏழு பேருதான் மிச்சம். அதுல ஆறு பேருக்கு எடம் உண்டு, ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். ஏழு பேருல மாப்பிள்ள ஒருத்தரு. ஹென்றி என் காதுல, “அண்ணே, இப்பவாவது”ன்னான். நான் ஒரு ஸ்பேர் கோலியக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துல கோலியா நின்ன பய, அம்புட்டுத்தான். ஹென்றி பேனாவ மேசையில வச்சிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

அந்த ரவுண்டுல நங்கூரம் டீம் கடைசி. அதுக்கு மேனேஜர் ஒரு அம்மா, பவுலின் டீச்சர். ரெண்டு பேரு மிச்சம் இருக்கப்ப மைக்கப் புடிச்சு, “டெரன்ஸ் கொரேரா. இவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்ததுக்கு நன்றி தம்பி”ன்னாங்க. மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. முதல் ஆளுக்குக்கூட அப்பிடித் தட்டல. வேணும்னே என்னையக் குத்துததுக்குத் தட்டுனானுவ. மாப்பிள்ள ஜெர்சிய வாங்கிக்கிட்டு எறங்கி, நேரா எங்கிட்ட வந்து, “வாரேன் மாமா”ன்னாரு. வெளிய நின்ன பெர்னதெத் என்னைய ஏறிட்டுப் பாக்கல.

சீசன் தொடங்குச்சு. என்னத்தச் சொல்ல. ஜெஃப்ரினுக்கு மணல்ல ஓட வரல. வெயில்னா கண்ணு கூசுதுங்கான். முதல் மேட்ச்லயே நடுக்கோட்டுல இருந்து ஒண்ணு அடிச்சான், பந்து கடலப் பாக்கப் போச்சு. மூணு கோல்ல தோல்வி. அடுத்தது நாலு. அந்த ஃப்ரீ கிக் பயலுக்கு ஒரு ஃப்ரீ கிக்கும் கெடைக்கல. நல்ல ஷூ போட்டவன் ஷூ நனையும்னு மழையில வரமாட்டேங்கான். நான் ஒவ்வொரு மேட்சுக்கும் ஆள மாத்துனேன். ஒரு மேட்ச்ல ஃபார்வர்டா ஆறு பேரப் போட்டேன். ஹென்றி, “அண்ணே, அப்ப பின்னால யாரு நிப்பா?”ன்னான். பின்னால நிக்கதுக்கு என்ன, பந்து அங்க வராமப் பாத்துக்கிட்டாப் போதும்னேன். அஞ்சு கோல் வாங்கினோம்.

அந்த டீச்சரோட டீம், மத்தவன் கழிச்சுப் போட்டத எல்லாம் பொறுக்கி வச்ச டீமு, ஜெயிச்சுக்கிட்டே போகுது. ஆறு மேட்ச்ல மூணு கோல்தான் வாங்கியிருக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

பெர்னதெத் வீட்டுக்கு வாரத நிப்பாட்டிட்டா. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து ஞாயித்துக்கிழம மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுலதான் ரெண்டு பேருக்கும். அவ வரல. ஆனா மாப்பிள்ள வருவாரு. தனியா. “அவளுக்குத் தலைவலி மாமா”ன்னு ஒவ்வொரு வாரமும் அதே பொய்யச் சொல்லிட்டு உக்காருவாரு. மெற்றில்டா பெரிய துண்டாப் பாத்து அவரு தட்டுல வைப்பா. எனக்கு வால் துண்டு. நான் ஃபுட்பாலப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். எதிர் டீம்காரர்கிட்ட என்ன பேச?

ஒரு ஞாயிறு அவரே தொடங்குனாரு.

“மாமா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க மாப்ள.”

“ஜெஃப்ரின நடுவுல போடாதீங்க. அந்தப் பயலுக்கு எடது கால்தான் கால். எடது ஓரத்துல விட்டீங்கன்னா எங்களாலயே புடிக்க முடியாது.”

எனக்கு வந்துச்சு பாருங்க. எங்க வீட்டு மேசையில உக்காந்து, எங்க வீட்டுக் கொழம்ப ஊத்திக்கிட்டு, எனக்கே டீம் போடச் சொல்லித்தாராரு. இதுல ஏதோ சூது இருக்குன்னு நெனச்சேன். “ரசம் ஊத்திக்கிடுங்க மாப்ள”ன்னுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு எனக்கே ஒரு யோசனை வந்து, ஜெஃப்ரின எடது பக்கம் போட்டேன். மூணு கோல் அடிச்சான். கடைசி மேட்ச் வரைக்கும் எங்களுக்கு அது ஒண்ணுதான் வெற்றி. ஹென்றி, “எப்பிடிண்ணே தோணுச்சு?”ன்னு கேட்டான். அனுபவம்னேன்.

இப்பிடியே வந்து கடைசி மேட்ச். நங்கூரத்தோட. கேளுங்க, இதுலதான் எல்லாம் இருக்கு.

நாங்களும் துடுப்புன்னு இன்னொரு டீமும் அடியில ஒரே பாயிண்ட்ல கெடக்கோம். அவங்களுக்கு மேட்ச் முடிஞ்சுட்டு. நாங்க தோத்தா கோல் கணக்குல நாங்க கடைசி. ஜெயிச்சா, சமன் பண்ணுனாக்கூட, துடுப்பு கடைசி. நங்கூரத்துக்கு ஜெயிச்சாத்தான் கப்பு.

இந்த நேரத்துல ஒரு செய்தி. எங்க ஊர்ப் பய இக்னேஷியஸ், வெளிமாநிலத்துல ஒரு கம்பெனி டீமுக்கு ஆடுதவன், அடுத்த வருசம் ஊருக்கே வந்துருதானாம், டிராஃப்டுக்குப் பேரு குடுக்கானாம். அவன் உண்மையான ஆட்டக்காரன் தம்பி. வீடியோவுல பாத்தது இல்ல, நேர்ல பாத்திருக்கேன். அவன் யாருக்குப் போறானோ அந்த டீமுக்குக் கப்பு. அவன் யாருக்குப் போவான்? முதல் ஆள எடுக்குத டீமுக்கு. யாரு முதல் ஆள எடுப்பா? கடைசியா வாரவன்.

நீங்க சிரிக்கீங்க. புரிஞ்சுட்டுல்லா? ஒரு மேட்சு. அதுல தோத்தா எனக்கு ஒண்ணும் கொறையப் போறதில்ல. நாங்க எப்பிடியும் தோக்குத டீமுதான. மாப்பிள்ளைக்கும் கப்பு கெடச்சிரும். யாருக்கும் நட்டமில்ல. இப்பிடி யோசிக்கதுக்குப் பேருதான் டீமக் கட்டுதது. வருங்காலம்னு ஒண்ணு இருக்குல்லா.

ஆனா பாருங்க, இருவதாவது நிமிசம் அந்த வெளங்காத பய ஜெஃப்ரின் கோல் அடிச்சிட்டான்! ரெண்டு மாசமா அடிடா அடிடான்னு கத்துனேன், அந்த ஒரு மேட்ச விட்டா அடிக்கல. அன்னைக்கு அடிக்கான். எடது ஓரத்துல போயி, மாப்பிள்ளையவே தாண்டி, ஓரத்துல உருட்டி விட்டான். நானும் குதிச்சிட்டேன் தம்பி, பழக்க தோசம். பெறவுதான் ஞாபகம் வந்து உக்காந்தேன். அந்தப் பயலோட அம்மா அன்னைக்குத்தான் முதல் தடவையா மகன் ஆட்டத்தப் பாக்க வந்திருந்தாங்க. அந்தப் பக்கம் சேலை முந்தானைய எடுத்து ஆட்டிக்கிட்டு நிக்காங்க.

ஆஃப் டைம். ஒண்ணுக்கு சைபர். நாங்க ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்! நான் லாம்பர்ட்டக் கூப்பிட்டு, நீ உக்காருன்னேன். ஸ்பேர் கோலியப் போய் நிக்கச் சொன்னேன். அப்புறம் ஜெஃப்ரினக் கூப்பிட்டேன்.

“நீயும் உக்காருலே. கால் வலிக்கும்.”

“அங்கிள், எனக்கு வலிக்கலையே.”

“வலிக்கும். உக்காரு.”

“இல்ல அங்கிள், நெசமா ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க.” நின்ன எடத்துலயே ரெண்டு தடவ குதிச்சுக் காட்டுதான். “இன்னொண்ணு அடிச்சிருவேன் அங்கிள். இன்னைக்கு எனக்கு வருது.”

“உக்காருன்னா உக்காரு!”

உக்காந்தான். துண்ட எடுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டான். துண்டுக்குள்ள அழுதானா என்னன்னு நான் பாக்கல. ஹென்றி என் முன்னால வந்து நின்னான். “என்ன செய்யுதீங்கன்னு எனக்குப் புரியுது. த்தூ”ன்னான். எம்மேல துப்பல, மணல்லதான் துப்புனான். விசிலக் கழத்தி என் மடியில போட்டுட்டு நேரா கேட்ட விட்டு வெளிய போயிட்டான். வாத்தியாரு செய்யுத வேலையா அது?

ரெண்டாவது பாதியில நங்கூரம் ரெண்டு கோல் போட்டுச்சு. எங்க புது கோலி ஒண்ணுக்கு வலப்பக்கம் விழுந்தான், பந்து எடப்பக்கம் போச்சு. இன்னொண்ணுக்கு விழவே இல்ல. அந்த ரெண்டாவது கோலுக்கு அப்புறம் மாப்பிள்ள மைதானத்து நடுவுல இடுப்புல கை வச்சு நின்னு எங்க பெஞ்சப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த டீச்சரு, “டெரன்ஸ், ஆட்டத்தப் பாரு!”ன்னு கத்துத வரைக்கும்.

விசில் அடிச்சாச்சு. கப்பு குடுத்தாச்சு. அவனுவ தூக்கிக்கிட்டு ஆடுதானுவ. மாப்பிள்ளையும் ஒரு தடவ கையில வாங்குனாரு, அடுத்தவன்கிட்ட குடுத்தாரு. அப்புறம் எங்க பெஞ்சுக்கு வந்தாரு. நான் கைய நீட்டுனேன், வாழ்த்து சொல்ல. அவரு என்னையத் தாண்டி ஜெஃப்ரின் முன்னால குத்த வச்சு உக்காந்தாரு.

“கால் எப்பிடி இருக்கு தம்பி?”

“கால்ல ஒண்ணும் இல்லண்ணே”ன்னான் அந்தப் பய. கூறு இருந்தா வலிக்குதுன்னு சொல்லியிருக்கணும்லா?

மறுநா ஞாயிறு. மெற்றில்டா எலையப் போட்டு வச்சிட்டு மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. மாப்பிள்ள வரல. பொய் சொல்லக்கூட வரல. நாலு மணிக்கு நானே போனேன். பெர்னதெத் கதவத் தொறந்தா, உள்ள போயிட்டா. தண்ணிகூடக் குடுக்கல.

“என்ன மாப்ள, சாப்பிட வரல? கப்பு ஜெயிச்ச சந்தோசத்துல மாமா வீடு மறந்து போச்சா?”

அவரு எந்திரிச்சு நின்னாரு. மரியாதை எப்பவும் கொறையாது. “மாமா, பன்னெண்டு வருசமா ஆடுதேன். ஒரு கப்பு ஜெயிச்சது கெடையாது. நேத்து அதக் கையில வாங்குனதும் எனக்கு என்னமோ போல ஆயிட்டு மாமா. எப்படா கீழ வைப்போம்னு இருந்துச்சு.”

“உங்களுக்கும் நல்லதுதான மாப்ள? கப்பு உங்களுக்கு. முதல் ஆளு எங்களுக்கு.”

“என்னைய எடுக்காததுகூட எனக்கு வருத்தம் இல்ல.” சேர எம்பக்கம் இழுத்துப் போட்டாரு. “இல்ல மாமா, வருத்தம்தான். ரொம்ப வருத்தம். ஆனா அது உங்க இஷ்டம், மேனேஜர் நீங்க. நேத்து நீங்க பண்ணுனது அப்பிடி இல்ல. அவன் அம்மா பாத்துக்கிட்டு இருக்கையில அவன உக்கார வச்சீங்க. எனக்கு ஆட்டமே வெறுத்துப் போச்சு.”

அம்புட்டுத்தான் பேசுனாரு. கல்யாணம் முடிஞ்ச இந்த நாலு வருசத்துல எங்கிட்ட அவரு சேந்தாப்புல பேசுனது அன்னைக்குத்தான்.

அதோட விட்டிருக்கலாம்லா? விடல. அன்னைக்கே அவரு டீம்காரனுவளக் கூட்டிப் பேசியிருக்காரு. பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டு, அந்த டீச்சரு தலைமையில, கப்பக் கொண்டுபோயி லீக் ஆபீஸ்ல வச்சிட்டாங்க. ‘எங்கள ஜெயிக்க விட்டாங்க, நாங்க ஜெயிக்கல, மறுபடி ஆட விடுங்க’ன்னு எழுதியிருக்கு. எம்பேரு அதுல எங்கயும் இல்ல. பெர்னதெத் பெறவு சொன்னா, அவருதான் போடக்கூடாதுன்னாராம். எம்பேரப் போட்டிருந்தாக்கூட நான் நாலு வார்த்த திட்டியிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாரு.

லீக்காரனுவளுக்கு இது போதாதா? அடுத்த சனிக்கிழம மறு மேட்ச்னு சொல்லிட்டானுவ. எங்க கிளப்புல கூட்டம் போட்டு, மச்சாது மைதானத்துக்குள்ள வரக்கூடாதுன்னுட்டானுவ. டீம ஹென்றி பாத்துக்கிடுவானாம். இருவது வருசம் அந்தக் கிளப்புக்காகத் தேஞ்சவன் தம்பி நான். என் தங்கச்சி மவன்கூட கையத் தூக்கியிருக்கான், எனக்கு எதிரா.

சனிக்கிழம நான் போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். மெற்றில்டா புதுச்சேலை கட்டிக்கிட்டு மவளோட போயிட்டா. வீட்டுல தனியா இருந்தா கூட்டத்துச் சத்தம் கேக்கு. மைதானத்துக்குப் பின்னால ஒரு டீக்கடை, அதுல ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னா சுவருக்கு மேல தெரியும். ஏறுனேன். இந்த வயசுல, பெஞ்சு மேல.

அன்னைக்கு மாப்பிள்ள ஆடுனத நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. மேல இருந்து பாத்தாத்தான் தெரியுது தம்பி. பந்து வாரதுக்கு முன்னாலயே அவரு நடந்து போயி நின்னுக்கிடுதாரு. ஓட்டமே இல்ல, நடைதான். எங்க ஆளு எங்க அடிக்கப் போறாம்னு அவனுக்குத் தெரியுததுக்கு முன்னால இவருக்குத் தெரியுது. எட்டு, ஒம்பது பந்தாவது எடுத்திருப்பாரு. டீக்கடைக்காரன், “ஒங்க மாப்பிள்ளையாம்லா?”ன்னான். ஆமான்னேன்.

ஆனாலும் ஜெஃப்ரின் ரெண்டு போட்டான். ரெண்டும் எடது கால். அந்தப் பய அன்னைக்குப் பேய் மாதிரி ஆடுனான். ரெண்டுக்கு சைபர். நங்கூரத்துக்குக் கப்பு போச்சு, ரெண்டாவது எடம். நாங்க அஞ்சாவது. விசில் அடிச்சதும் தோத்த டீமுக்கு ஊரே எந்திரிச்சு நின்னு கை தட்டுது. தோத்த டீமுக்கு! மாப்பிள்ள ஜெஃப்ரினத் தோள்ல கை போட்டு அவங்க அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறாரு. எனக்குக் கண்ணு கலங்கி, சரியாத் தெரியல. டீக்கடைப் பொகை.

கையில வந்த கப்பத் திருப்பிக் குடுத்த மனுசன எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? எனக்கு அந்த ஊரே வெறுத்துப் போச்சு. அஞ்சாவது வந்ததுனால முதல் ஆள் உரிமை துடுப்புக்குப் போச்சு. இக்னேஷியஸ் அவனுவளுக்குத்தான். ஹென்றி இப்ப நெரந்தர மேனேஜர். அவன் வச்சிக்கிட்ட ரெண்டு பேருல முதல் பேரு ஜெஃப்ரின். நங்கூரம் வச்சிக்கிட்டதுல முதல் பேரு டெரன்ஸ் கொரேரா. எல்லாரும் நல்லா இருக்கானுவ. நான் ஒருத்தன்தான் பஸ்ல போறேன்.

எதுக்குப் போறேன்னு கேக்கலையே. நாகர்கோவில் பக்கம் கடற்கரையில புதுசா ஒரு லீக் தொடங்குதாங்க. எட்டு டீமு. கிறிஸ்மஸுக்கு முன்னால மேட்ச். டிராஃப்ட் நடத்தி அனுபவம் உள்ள மேனேஜர் வேணுமாம். என்னைய விட அனுபவம் யாருக்கு இருக்கு? இன்னைக்குப் பேசி முடிக்கப் போறேன். வெளியூர் ஆட்டக்காரனுவளும் பேரு குடுக்கலாமாம். புது டீமு, புது ஊரு. வார சீசன் நம்ம சீசன் தம்பி.

காலையில மாப்பிள்ளதான் பைக்ல பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து விட்டாரு. நான் கூப்பிடல, அவராத்தான் வந்து வாசல்ல நின்னாரு. ஜன்னலோரம் எடம் புடிச்சுக் குடுத்தாரு, தண்ணி பாட்டில் வாங்கித் தந்தாரு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. கீழ நிக்கவர்கிட்ட ஜன்னல் வழியாக் கேட்டேன்.

“மாப்ள, எனக்கு அங்க டீம் அமைஞ்சா பேரு குடுப்பீங்களா?”

சிரிச்சாரு. “குடுக்கலாம் மாமா. எத்தனாவது ரவுண்டுல எடுப்பீங்க?”

நீங்களே சொல்லுங்க தம்பி. எட்டு டீம் இருக்க லீக்ல, புது மேனேஜரு, முப்பது வயசு ஸ்டாப்பர எவனாவது முதல் ரவுண்டுல எடுப்பானா? ஃபார்வர்டு எல்லாம் போயிருவானுவல்லா? ரெண்டாவது ரவுண்டுன்னாக்கூட அதுக்கு ஒரு கணக்கு வேணும். இதெல்லாம் யோசிக்காம ஜன்னல் வழியா வாக்கு குடுக்க முடியுமா? நான் தண்ணி பாட்டிலத் தொறந்து குடிச்சேன். குடிச்சிட்டு, “வெயில்ல நிக்காதீங்க மாப்ள, கெளம்புங்க”ன்னேன்.

அவரு போகல. டிரைவர் வந்து ஏறி, கண்டக்டர் விசில் அடிச்சு, பஸ் நவுருத வரைக்கும் அந்த வெயில்ல ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு அங்கனயே நின்னாரு.